இரண்டாவது ஆல்பம் போடப் போகிறீர்களா? முதலில் முதல் ஆல்பத்தின் கணக்கை முடியுங்கள்

சென்னையில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் தமிழ் ராக் பேண்ட் எங்களுடையது. நான் பேஸ் கிட்டார். பேண்டில் யாரும் செய்ய விரும்பாத வேலை எல்லாம், அதாவது பில், ஒப்பந்தம், அப்லோடு, வருமான வரி, என் தலையில்தான் விழும். முதல் ஆல்பத்தைக் கல்லூரி முடித்த வேகத்தில் ஏதோ ஒரு மாதிரி வெளியிட்டுவிட்டோம். இரண்டாவதற்குப் பாட்டு எழுத எட்டு மாதம் ஆனது. பாட்டெல்லாம் தயாரான பிறகு வெளியிட இன்னொரு எட்டு மாதம் ஆனது. இந்த இரண்டாவது எட்டு மாதத்தில் பாதிக்கு மேல் வீண். இசையால் வந்த தாமதம் இல்லை அது. முதல் ஆல்பத்தில் நாங்கள் விட்டுவைத்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கப் போன காலம்.

கிட்டார் எதை வாங்கலாம், மைக்கை எங்கே வைக்கலாம் என்பதெல்லாம் இங்கே கிடையாது. தாள், பணம், தேதி இந்த மூன்றும்தான். முதல் ஆல்பமே இனிமேல்தான் என்றாலும் படியுங்கள். உங்களுக்கு அவிழ்க்க முடிச்சே இருக்காது.

1. பழைய கணக்கின் சாவி யார் கையில்?

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்ற தளங்களுக்கு நாம் நேரடியாகப் பாட்டு அனுப்ப முடியாது. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். முதல் ஆல்பத்தை அங்கே ஏற்றியது யார், எந்த மின்னஞ்சலில், ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்பதை இன்றே பாருங்கள்.

எங்கள் விஷயத்தில் ஏற்றியது பழைய கிட்டாரிஸ்ட். அவர் இப்போது கனடாவில் இருக்கிறார். ஓடிபி போவது அவர் கைவிட்ட சென்னை எண்ணுக்கு. வடபழனியில் ஒரு டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே அவர் தூங்கி எழும் நேரத்துக்காக இரவு ஒன்பது வரை காத்திருந்தேன். அவர் எழுந்தார், சிரித்தார், “அந்த சிம்மை எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன் மச்சி” என்றார். நிறுவனத்தின் உதவிக் குழுவோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டி, அவருடைய அடையாள அட்டை நகலை அனுப்பிக் கணக்கை மீட்கவே ஐந்து வாரம் ஆனது. அதற்குள் ஆண்டுச் சந்தா காலாவதியாகி முதல் ஆல்பம் எல்லாத் தளத்திலிருந்தும் இறங்கிவிட்டது.

செய்ய வேண்டியது: பேண்டுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்குங்கள். இரண்டு பேருக்கு அதன் கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் வேண்டாம், செயலி வழி வைத்துக்கொள்ளுங்கள். மீட்புக் குறியீடுகளை அச்சடித்து ஒரு கோப்பில் போடுங்கள். விநியோகம், ஸ்பாட்டிஃபை கலைஞர் பக்கம், யூடியூப் சேனல், இன்ஸ்டாகிராம் என எல்லாவற்றையும் அந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள்.

விநியோக நிறுவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு இடக் குறியீடு உண்டு. பழைய இடத்திலிருந்து அந்தக் குறியீடுகளை எழுதி எடுத்துக்கொண்டு, புதிய இடத்தில் அதே குறியீடு, அதே ஆடியோ, அதே தலைப்பு, அதே கலைஞர் பெயரோடு ஏற்றுங்கள். புதியது தளங்களில் தெரிந்த பிறகே பழையதை இறக்குங்கள். வரிசை மாறினால் இத்தனை வருடம் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை போய்விடும். சிலரது பிளேலிஸ்டில் இருந்த பாட்டும் சாம்பல் நிறமாகி, ஒலிக்காமல் போய்விடும்.

2. நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள்

“நமக்குள்ள எதுக்குடா அக்ரிமெண்ட்?” என்று ஒருவர் கேட்பார். எங்களிலும் கேட்டார். அப்படிக் கேட்டவர் முதல் ஆல்பம் வந்த அடுத்த ஆண்டே விலகினார். அவர் எழுதிய இரண்டு பாட்டை மேடையில் வாசிக்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் எங்களுக்கு ஒரு தயக்கம்.

ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமை இருக்கிறது: பாடல் வரி எழுதியவருடையது, மெட்டமைத்தவருடையது, ஒலிப்பதிவுக்கு உரியது. மூன்றாவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் ‘ஆசிரியர்’ (படைத்தவர்) அதன் தயாரிப்பாளர். அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டு பதிவு செய்ய வைத்தவர். உங்கள் நண்பரின் மாமா பாசத்தில் ஸ்டூடியோ பில்லைத் தன் நிறுவனத்தின் பெயரில் கட்டினால், நாளைக்கு ‘தயாரிப்பாளர் நான்தான்’ என்று அவர் சொல்ல அதுவே ஒரு பிடி. பில் எல்லாம் பேண்ட் பெயரிலோ, ஒப்பந்தத்தில் குறித்த உறுப்பினர் பெயரிலோ இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் இவை இருந்தால் போதும்: பாட்டு வாரியாக வரிக்கும் மெட்டுக்கும் யாருக்கு எத்தனை விழுக்காடு, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், போட்ட பணம் எந்த வரிசையில் திரும்பும், பேண்ட் பெயர் யாருடையது, ஒருவர் விலகினால் என்ன. எங்களிடம் ஒரு பாட்டுக்கு ஒரு தாள். வலது ஓரத்தில் நான்கு கையெழுத்து. ரெக்கார்டிங் முடிந்த அன்று இரவே போட்டுவிடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) யார் மூளையில் உதித்தது என்ற பேச்சை எடுத்தால் நட்பு தாங்காது.

உரிமையை ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் காலமும் இடமும் கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டம் தானாகவே ஐந்து ஆண்டு என்றும், இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லவே செல்லாது.

3. வெளியிலிருந்து வாசிக்க வருபவர்கள்

மூன்றாவது பாட்டில் எங்களுக்கு நாதஸ்வரம் வேண்டியிருந்தது. இரண்டு பாடம் படித்தோம்.

முதலாவது சுருதி. பாட்டு ஈ-யில், நம்மூர்க் கணக்கில் மூன்று கட்டையில் இருந்தது. வந்தவரின் நாயனம் இரண்டரை. கீபோர்டில் செய்வதுபோல சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்த அது என்ன மின்சாரப் பெட்டியா? அவர் நாயனத்தைத் துணியில் சுற்றியபடி, “நீங்க இறங்குங்க தம்பி, நான் ஏற முடியாது” என்றார். இறங்கினோம். கிட்டார் எல்லாம் அரை ஸ்வரம் கீழே டியூன் செய்து, பதிவு முடிந்த கிட்டார், பேஸ், குரல் மூன்றையும் மறுபடி பதிவு செய்தோம். ஒரு வாரமும் பதினோராயிரம் ரூபாயும் போயின. மரபுக் கருவி சேர்ப்பதாக இருந்தால் பாட்டின் சுருதியை முடிவு செய்யும் முன்பே வாசிப்பவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது தாள். வாசித்து முடித்து ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்தவர், சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. “பேரு வருமா?” என்றுதான் கேட்டார். ஊர்ப் பெயரோடு, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, ஒரு நோட்டுத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தார். ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவார் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டேன். நாமாக ஊகித்து ஏற்றிவிட்டால், அவருடைய மற்றப் பதிவுகளோடு இது சேராமல் தனியாக நிற்கும்.

இப்படி வருபவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எந்தப் பாட்டு, எந்தக் கருவி, எவ்வளவு பணம், எந்தத் தேதியில், இந்த ஒலிப்பதிவில் பயன்படுத்தச் சம்மதம், பெயர் எப்படி வரவேண்டும். வாசிப்பவருக்கும் சட்டத்தில் தனி உரிமை உண்டு என்பதால் இந்தச் சம்மதம் சடங்குக்கானது இல்லை. பணத்தை யுபிஐயிலோ வங்கியிலோ கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு நாங்கள் பட்ட பாடு வேறு கதை.

லூப், சாம்பிள் என்று பிறர் பதிவு செய்து வைத்த ஒலித் துணுக்கு எதையாவது பயன்படுத்தினால் அதன் உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். இது ஏழாவது படியில் வேலைக்கு வரும்.

4. பணம்: எங்களுக்கு ஆனது

எட்டுப் பாட்டு. எங்கள் ரசீதுக் கோப்பிலிருந்து எடுத்து எழுதுகிறேன். உங்களுக்கு முன்னே பின்னே ஆகலாம்.

ஜாம் ரூம் (ஒத்திகை அறை) 40 மணி நேரம், மணிக்கு 500 வீதம் 20,000 ரூபாய்
டிரம்ஸ் பதிவு 16 மணி நேரம், மணிக்கு 1,200 வீதம் 19,200
குரல் பதிவு 15 மணி நேரம், மணிக்கு 800 வீதம் 12,000
கிட்டார், பேஸ்: வீட்டிலேயே
நாதஸ்வரம் ஒருவர், பறை இருவர்: 16,000
மிக்ஸிங் (தனித்தனிப் பதிவுகளை ஒன்றாகக் கலப்பது), பாட்டுக்கு 6,000 வீதம் 48,000
மாஸ்டரிங் (கலந்ததைக் கடைசியாக மெருகேற்றுவது), பாட்டுக்கு 2,500 வீதம் 20,000, அதன் மேல் ஜிஎஸ்டி 3,600
அட்டைப்படம் 12,000, புகைப்படம் 6,000
ஒரு பாட்டுக்கு வரிகள் ஓடும் வீடியோ 10,000
விநியோகம் 2,000
டி-ஷர்ட் 50, ஒன்று 320 வீதம் 16,000

மொத்தம் 1,84,800. நாயனத்துக்காக இறங்கிய செலவு இதில் இல்லை. அது எங்கள் அறியாமைக்குக் கட்டிய அபராதம்.

டிரம்ஸில் பணத்தைச் சேமிக்காதீர்கள், ஜாம் ரூமில் சேமியுங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். ஜாம் ரூமில் கூடுதலாகப் பத்து மணி நேரம் வாசித்துவிட்டுப் போனதால்தான் டிரம்ஸ் இரண்டே நாளில் முடிந்தது. முதல் ஆல்பத்தில் ஸ்டூடியோவில் போய்ப் பாட்டைக் கற்றுக்கொண்டோம். மணிக்கு 1,200 ரூபாய் கொடுத்து ஒத்திகை பார்ப்பது போல மடத்தனம் வேறில்லை.

மிக்ஸிங் செய்பவரிடம் விலை பேசும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். எத்தனை முறை திருத்தம் இலவசம்? கடைசியில் என்னென்ன ஃபைல் தருவீர்கள்? முழு மிக்ஸ், குரல் இல்லாத மிக்ஸ், ஸ்டெம்கள் (டிரம்ஸ், கிட்டார் எனத் தனித்தனியாகப் பிரித்த ஒலி), முடிந்தால் செஷன் ஃபைல் (மிக்ஸ் செய்த மென்பொருளின் மூலக் கோப்பு), இத்தனையும் உங்கள் ஹார்டு டிஸ்க்குக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டைக் குறும்படத்துக்குக் கேட்டார்கள், குரல் இல்லாமல். ஸ்டூடியோவில் அந்த டிஸ்க் பழுதாகியிருந்தது. வாய்ப்பு போனது.

மாஸ்டரை, அதாவது மெருகேற்றிய இறுதி ஒலியை, எவ்வளவு சத்தமாக வைப்பது என்று சண்டை வரும். கேட்பவர் அமைப்பை மாற்றாதவரை, ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஏற்றியோ இறக்கியோதான் ஒலிக்கவிடும். ராக் பாட்டு அந்த அளவிலேயே இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, ஆனால் ‘மற்றப் பேண்டுகளைவிடச் சத்தமாக’ என்று நசுக்கிப் பயனில்லை. ட்ரூ பீக் (ஒலி தொடும் உச்ச அளவு) மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

5. பதிப்புரிமைப் பதிவு, ஐபிஆர்எஸ்

பாட்டை உருவாக்கிய நொடியிலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடும். பதிவு கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் சான்றாக நிற்கும், அவ்வளவுதான். தனக்குத்தானே தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் பழைய வித்தையை இன்னும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அது பதிவுக்கு ஈடாகாது.

பதிவுக்கு மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வரிகளுக்கு 500, இசைக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். எட்டுப் பாட்டுக்கும் தனித்தனியாகப் போட்டால் 24,000 ஆகிவிடும். நாங்கள் எங்களுக்கு நம்பிக்கை அதிகமாக இருந்த இரண்டு பாட்டுக்கு மட்டும் வரியும் இசையும் போட்டோம், 2,000 ரூபாயோடு முடிந்தது. விண்ணப்பத்துக்கான டைரி எண் கிடைத்ததும் 30 நாள், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அதன் பிறகு பரிசீலனை. ஆல்பத் தேதியை இதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். விண்ணப்பிப்பவரும் ஆசிரியரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். இங்கேதான் இரண்டாவது படியில் போட்ட கையெழுத்து உதவும்.

ஐபிஆர்எஸ் வேறு விஷயம். கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் சங்கம் அது. விநியோக நிறுவனம் அனுப்புவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிக்கும் மெட்டுக்குமான பணம் இந்த வழியாக வரும். முதல் ஆல்பம் போட்டுவிட்டு இரண்டு வருடம் நாங்கள் சேரவே இல்லை. பேண்டாகச் சேர முடியாது, எழுதியவர் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேர வேண்டும். பான், ஆதார், ரத்து செய்த காசோலை, புகைப்படம், வெளியான பாட்டுகளின் விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு ஒவ்வொரு பாட்டையும் பங்கு விழுக்காட்டோடு பதிய வேண்டும். ஒருவர் 50-50 என்றும் மற்றவர் 60-40 என்றும் பதிந்தால் அந்தப் பாட்டின் பணம் தகராறில் நின்றுவிடும்.

6. விநியோக நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வகை. டிஸ்ட்ரோகிட் போன்றவை ஆண்டுச் சந்தா வாங்கும், எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம். சிடி பேபி ஓர் ஆல்பத்துக்கு ஒரே ஒரு முறை கட்டணம் வாங்கிவிட்டு வருமானத்தில் 9 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். ரூட்நோட் போன்றவற்றில் இலவசத் திட்டம் உண்டு, வருமானத்தில் 15 விழுக்காடு போகும்.

வருடத்துக்கு ஐந்தாறு சிங்கிள் (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டு) விடும் பேண்டுக்குச் சந்தா லாபம். எங்களைப் போல மூன்று வருடத்துக்கு ஒருமுறை விழித்தெழும் பேண்டுக்கு ஒருமுறைக் கட்டணம்தான் நிம்மதி. சந்தா கட்ட மறந்தால் பாட்டு இறங்கும் என்பதை அனுபவித்தாயிற்று. எதை எடுத்தாலும், பேண்டுக்குள் வருமானத்தைத் தானாகவே பங்கு பிரித்து அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நான்கு பேரின் பணமும் ஒருவர் வங்கிக் கணக்கில் விழுந்து, வருமான வரித் துறையின் கண்ணில் அத்தனையும் அவர் வருமானமாகிவிடும்.

7. ஏற்றும்போது விழும் பள்ளங்கள்

அட்டைப்படம் 3,000 க்கு 3,000 பிக்செல், சதுரம், ஆர்ஜிபி (திரைக்கான வண்ண முறை). எங்கள் முதல் அட்டை நிராகரிக்கப்பட்டது. காரணம், ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத அளவில் இன்ஸ்டாகிராம் முகவரி. அட்டையில் இணைய முகவரி, சமூக ஊடகச் சின்னம், விலை எதுவும் கூடாது. அட்டையில் இருக்கும் பெயரும் நீங்கள் தட்டச்சு செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெயர் என்றதும் தமிழ்ப் பாட்டுக்கே உரிய தலைவலி ஒன்று. ‘மழை’ என்ற சொல்லை ரோமனில் எழுதச் சொல்லுங்கள், நான்கு பேரும் நான்கு விதமாக எழுதுவார்கள். ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-ஹெச், ஒருவர் வெறும் எல், கடைசி ‘ஐ’க்கு ஏ-ஐ, இன்னொருவர் வெறும் ஏ. எல்லாத் தலைப்புக்கும் ஒரே ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து ஒரு அட்டவணையில் போட்டு, போஸ்டரிலிருந்து யூடியூப் வரை அதையே பயன்படுத்துங்கள். பாட்டின் மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். முதல் ஆல்பத்தில் நாங்கள் அதை அப்படியே விட்டதில் மூன்று வருடம் ஆங்கிலப் பேண்டாக இருந்தோம்.

கலைஞர் பெயரைக் கொடுக்கும்போது ‘ஏற்கெனவே இருக்கும் பக்கம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பழைய பக்கத்தின் இணைப்பை ஒட்டுங்கள். செய்யாவிட்டால் இரண்டாவது ஆல்பம் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்துகொள்ளும், அல்லது அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் போய் உட்காரும். எங்கள் முதல் சிங்கிள் நான்கு நாள் கேரளத்தில் பக்திப் பாட்டுப் பாடும் ஒருவர் பக்கத்தில் இருந்தது. அவருடைய ரசிகர்களுக்கு அந்த நான்கு நாளும் எப்படிப் போயிருக்குமோ.

உங்கள் பாட்டு மற்றவர் வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடி வேண்டுமா என்று விநியோக நிறுவனம் கேட்கும். லூப் பயன்படுத்திய பாட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே லூப்பை உலகத்தில் இன்னும் ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள், அவர்கள் பாட்டின் மீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை பறக்கும், திரும்பியும் வரும். மற்றப் பாட்டுக்கு வைத்தால் உங்கள் சொந்தச் சேனலை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் உங்கள் வீடியோவுக்கே கோரிக்கை வரும்.

வரிகளைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, தமிழ் எழுத்திலேயே மியூசிக்ஸ்மேட்ச் என்ற பாடல் வரித் தளத்தில் ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஓடும் வரிகள் அங்கிருந்துதான் வருகின்றன. நீங்கள் ஏற்றாவிட்டால் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி ஏற்றுவார்.

8. தேதி

வெள்ளிக்கிழமை. 2015 முதல் உலகம் முழுக்க இதுதான் வழக்கம். ஆனால் நம்மூரில் வெள்ளிக்கிழமை என்றால் புதுப்படம். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களைத் தொடாதீர்கள். பெரிய நடிகர் படத்தின் முதல் பாட்டு வரும் வாரத்தில் எந்த எஃப்எம்காரரும் உங்கள் மின்னஞ்சலைத் திறக்க மாட்டார். மார்கழியில் சென்னையில் சபா அரங்கம் கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் திறந்தவெளி மழையோடு சூதாட்டம். எங்களுக்கு பிப்ரவரி ஒத்துவந்தது.

அந்த வெள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதினாறு வாரத்துக்கு முன் மாஸ்டர் கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்கு முன் முதல் சிங்கிள், ஆறு வாரத்துக்கு முன் இரண்டாவது. ஆல்பத்தை விநியோகத்துக்கு ஏற்றுவது குறைந்தது நான்கு வாரத்துக்கு முன். நிராகரிப்பு, திருத்தம், மறுபடி ஏற்றல் எல்லாம் இந்த நான்கு வாரத்துக்குள்தான்.

பிளேலிஸ்ட் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்க அவர்களுடைய கலைஞர் தளத்திலேயே இடம் உண்டு. பாட்டு இன்னும் வெளியாகாததாக இருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பரிந்துரைக்கலாம். வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களின் புது வரவுப் பட்டியலில் அந்தப் பாட்டு விழும். எனவே ஆல்பத்தில் இருப்பதிலேயே நல்ல பாட்டு எல்லாவற்றையும் சிங்கிளாக விட்டுத் தீர்த்துவிடாதீர்கள். ஒன்றை மிச்சம் வையுங்கள். சிங்கிளாக விட்டதை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே ஐஎஸ்ஆர்சியைக் கொடுத்தால் எண்ணிக்கை தொடரும்.

இந்தக் கட்டத்தில் உங்கள் இன்ஸ்டாகிராமுக்கு ஒருவர் வருவார். ‘1,500 ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம்’ என்பார். பிளாக் செய்யுங்கள். போலிக் கேட்பு என்று கண்டுபிடித்தால் தளம் விநியோக நிறுவனத்துக்கு அபராதம் போடும், அது உங்களிடம் வசூலிக்கும், பாட்டும் இறங்கும். ஓராண்டில் ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை என்பது உண்மைதான். அந்த ஆயிரத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கல்யாணப் பத்திரிகை போல வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று பாட்டு முதல் மாதத்திலேயே தாண்டியது.

9. வெளியீட்டுக் கச்சேரி

அரங்க வாடகையோடு ஜிஎஸ்டி, ஜெனரேட்டர் டீசல், சவுண்ட் ஆட்களின் சாப்பாடு என்று கூடும். எழுத்தில் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி யார் வாங்குவது, டிக்கெட் விற்றால் கேளிக்கை வரி யார் கட்டுவது, இரண்டையும் முன்பணம் கொடுக்கும் முன் அரங்க மேலாளரிடம் கேளுங்கள். திறந்தவெளி என்றால் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், எனவே கடைசிப் பாட்டு ஒன்பதே முக்காலுக்குள். நம்ம ஆட்கள் ஏழு மணி என்றால் எட்டுக்குத்தான் வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஆல்பத்தைப் பொருத்துங்கள்.

10. பணம் வரும் வழி

விநியோக நிறுவனம் அமெரிக்காவைச் சேர்ந்தது என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்கும். அமெரிக்கக் கேட்புகளின் ராயல்டிக்கு, படிவமும் பான் எண்ணும் கொடுத்தால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 விழுக்காடு வரி பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 30. பத்து நிமிட வேலை. பேபால் வழியாக வாங்குவதாக இருந்தால் பான், வங்கிக் கணக்கு, பணம் எதற்கு வருகிறது என்ற நோக்கக் குறியீடு மூன்றையும் முன்கூட்டியே நிரப்புங்கள்.

கேட்ட மாதத்துக்கும் பணம் வரும் மாதத்துக்கும் இரண்டு மூன்று மாத இடைவெளி இருக்கும். எங்கள் பிப்ரவரிக் கணக்கு மே மாதம்தான் வந்தது. நான்கு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு பிரியாணி. அதே ஆல்பத்தை, ரசிகர்கள் காசு கொடுத்து நேரடியாக வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்திலும் வைத்தோம். அங்கே தளத்தின் பங்கு 15 விழுக்காடு, வாங்குபவர் விரும்பினால் கூடுதலாகவும் கொடுக்கலாம். சிங்கப்பூரிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் வாங்கிய இருபத்தெட்டுப் பேர் கொடுத்த பணம், மற்றத் தளங்கள் எல்லாம் சேர்ந்து ஆறு மாதத்தில் கொடுத்ததைவிட அதிகம்.

டி-ஷர்ட்தான் உண்மையில் காசு பார்த்தது. கச்சேரி அன்றே முப்பத்திரண்டு போனது, ஒன்று 600 ரூபாய். எல், எக்ஸ்எல் அதிகம் அடியுங்கள். எஸ் சைஸ் பன்னிரண்டு அடித்தோம். பதினொன்று இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.